4கே டிவி வாங்கலாமா, வேண்டாமா: அளந்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் டிவி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலை பல ஆண்டுகளாக என்னிடம் வந்து சேர்கிறது. வாங்கிய பிறகு "பழைய டிவிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே" என்று முகம் வாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் செய்த பிழை ஒன்றுதான். முதலில் கடைக்குப் போனார்கள். அளப்பதை டிவி வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொண்டார்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கு படிகளுக்குக் கடைப்பக்கமே போக வேண்டாம். பலருக்கு அந்த நான்கிலேயே விடை கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஓர் அளவு நாடா, பழைய செய்தித்தாள்கள், ஒட்டுநாடா, ஒரு பென் டிரைவ், ஒரு குறிப்பேடு, அவசரமில்லாத ஒரு வாரம்.

1. கண்ணிலிருந்து திரை வரை அளந்து எழுதுங்கள்

சோபாவின் விளிம்பிலிருந்து சுவர் வரை அளப்பதுதான் எல்லோரும் செய்வது. அது கணக்குக்கு உதவாது. நீங்கள் வழக்கம்போல் சாய்ந்து உட்காருங்கள். இன்னொருவர் நாடாவின் முனையை உங்கள் கண்ணோரம் பிடித்து, திரை நிற்கப்போகும் இடம் வரை இழுக்கட்டும். சாய்ந்தால் தலை பின்னே போகும். மேசையில் வைக்கும் டிவி சுவரைவிட்டு ஒரு சாண் முன்னே நிற்கும். ஒன்று தூரத்தைக் கூட்டும், மற்றொன்று குறைக்கும். உங்கள் அறையில் எது எவ்வளவு என்பது அளந்தால்தான் தெரியும்.

வீட்டில் அதிக நேரம் பார்ப்பவரின் இருக்கையே கணக்குக்கு உரியது. மற்ற இருக்கைகளின் தூரத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்தாம் படியில் தேவைப்படும்.

இதே வாரத்தில் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். என் சித்தப்பா, படம் மங்கலாக இருப்பதாகச் சொல்லிப் புது டிவி கேட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். செய்திச் சேனலின் அடியில் ஓடும் வரியை நான் படித்தேன், அவரால் முடியவில்லை. கண்ணாடியின் பவர் மாறியிருந்தது. புதுக் கண்ணாடி போட்ட அன்று மாலை, அதே பழைய டிவியில், அந்த வரியை அவரே உரக்க வாசித்தார். திரையில் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) இருந்தாலும் கண் அதைப் பிடிக்க வேண்டும்.

2. நான்கு, இரண்டு என்று பெருக்கிப் பாருங்கள்

ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080 பிக்சல்கள், அதாவது சுமார் 20.7 லட்சம். 4கே திரையில் 3840 × 2160. ஏறக்குறைய 83 லட்சம். 8கே என்றால் 7680 × 4320, சுமார் 3.3 கோடி. ஒவ்வொரு படிக்கும் நான்கு மடங்கு. விளம்பரங்கள் இந்த நான்கு மடங்கோடு நின்றுவிடுகின்றன. கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு.

இயல்பான கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். கண் மருத்துவர் 6/6 என்று எழுதும் பார்வை இதுதான். பிக்சல்கள் இதைவிடச் சிறிதாகத் தோன்றும் தூரத்துக்குப் போய்விட்டால், அதற்கு மேல் நெருக்கிவைக்கும் பிக்சல்கள் கண்ணில் படாது.

கோணக் கணக்கை ஒவ்வொரு முறையும் போட வேண்டாம். போட்டுப் பார்த்ததில் எளிய வாய்ப்பாடு ஒன்று கிடைத்தது. திரையின் மூலைவிட்ட அளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் பெருக்குங்கள். வரும் எண் சென்டிமீட்டர். அந்தத் தூரத்தைத் தாண்டி உட்கார்ந்தால் ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் தெளிவில் வேறுபாடு தெரியாது. இரண்டால் பெருக்கினால் வருவது 4கே-க்கும் 8கே-க்கும் உள்ள எல்லை.

55 அங்குலத் திரையை எடுத்துக்கொள்வோம். நான்கால் பெருக்கினால் 220 செ.மீ. உங்கள் கண் 3 மீட்டர் தள்ளி இருந்தால் 4கே-யின் கூடுதல் பிக்சல்கள் உங்களை வந்து சேர்வதே இல்லை. 3 மீட்டரில் 4கே-யின் பயன் தொடங்க வேண்டுமென்றால் திரை 75 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதே 75 அங்குலத்தில் 8கே-யின் பயன் தெரிய, ஒன்றரை மீட்டருக்கும் அருகில் போக வேண்டும். வீட்டில் யாரும் அப்படி உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. அதனால்தான் 8கே பற்றிக் கேட்பவர்களிடம், இப்போது வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறேன்.

இந்த எல்லை சுவர் போல நிற்பதில்லை. 6/6-ஐவிடக் கூர்மையான கண் உள்ளவர்கள், குறிப்பாக இளைஞர்கள், இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தும் வேறுபாட்டைக் காண்பார்கள். மெல்லிய சாய்கோடுகளிலும் சிறிய எழுத்துகளிலும் அது முதலில் தெரியும். இலைகள், முகங்கள், அசையும் கூட்டம் போன்றவற்றில் கடைசியில்தான் தெரியும்.

இங்கே புதியவர்கள் ஒரு தவறான முடிவுக்குத் தாவுகிறார்கள்: "அப்படியானால் ஃபுல் எச்டி டிவியே தேடி வாங்குகிறேன்." வேண்டாம். இன்று 50 அங்குலத்துக்கு மேற்பட்ட புதிய டிவிகளில் பெரும்பாலானவை 4கே-யாகவே வருகின்றன. இந்தக் கணக்கு வேறொரு கேள்விக்கு விடை தருகிறது: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபுல் எச்டி டிவியைத் தெளிவுக்காக மட்டும் மாற்றலாமா என்பதற்கு.

3. செய்தித்தாளைத் திரையின் அளவுக்கு ஒட்டுங்கள்

எண்கள் சொல்வதை அறையும் ஏற்க வேண்டும். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ., உயரம் 69. 65 அங்குலத்துக்கு 144 × 81. 75 அங்குலத்துக்கு 166 × 93. நீங்கள் நினைக்கும் அளவில் செய்தித்தாள்களைச் சேர்த்து ஒட்டி, டிவி வரப்போகும் இடத்தில் சுவரில் மாட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே இருக்கட்டும்.

இது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றும். ஆனால் ஒரு நண்பர் வீட்டில் 75 அங்குலத் தாளை ஒட்டிய பத்து நிமிடத்தில், அலமாரிக் கதவு முழுவதும் திறக்காது என்பது தெரிந்தது. மாலையில் சன்னல் வெளிச்சம் தாளின் இடது பாதியில் நேராக விழுந்தது. இரவில் அவருடைய மகள் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கழுத்து வலிக்கிறது" என்றாள். 65 அங்குலத்துக்கு இறங்கி, ஒரு சாண் தாழ்த்தி ஒட்டியதும் எல்லாம் சரியாயிற்று.

தாளின் நடுப்பகுதி, உட்கார்ந்த நிலையில் உங்கள் கண்ணின் மட்டத்துக்கு அருகில் இருக்கட்டும். மேசையில் வைப்பதானால் டிவியின் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். பெரிய திரைகள் பலவற்றில் கால்கள் இரு ஓரங்களிலும் இருக்கும். மேசை அந்த அகலத்துக்கு இல்லையென்றால் சுவரில்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

எவ்வளவு பெரிது சரி? திரை உங்கள் பார்வையில் 30 பாகை அகலத்தை நிறைத்தால் நிறைவாகப் பார்க்கலாம். திரையரங்கின் நடு வரிசை உணர்வு வேண்டுமென்றால் 40 பாகை வரை போகலாம். 55 அங்குலத் திரை 30 பாகையை நிறைக்கும் தூரம் ஏறக்குறைய 227 செ.மீ. மேலே நான்கால் பெருக்கி வந்த 220-க்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள். ஃபுல் எச்டி இந்தக் கோணத்துக்குப் போதுமானது. அதைவிட நெருங்கி உட்கார விரும்புகிறவர்களுக்கே 4கே தன் தெளிவை முழுவதும் தருகிறது. ஒட்டிய தாள் ஏற்கெனவே கண்ணை நிறைப்பதாகத் தோன்றி, "இன்னும் அருகே வேண்டாம்" என்று மனம் சொன்னால், தெளிவு உங்கள் முதல் தேவை ஆகாது.

4. என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போதும்: என்ன பார்த்தோம், எதன் வழியாக வந்தது, எத்தனை மணி நேரம். நினைவிலிருந்து எழுதாதீர்கள். கேட்டால் எல்லோரும் திரைப்படம் என்பார்கள். குறித்து வைத்தால் செய்தியும் தொடரும் பாதிக்கு மேல் வரும்.

சாதாரணத் தரத்தில் வரும் சேனலில் ஒரு படத்துக்கு 720 × 576 பிக்சல்கள், அதாவது சுமார் 4.15 லட்சம். 4கே திரைக்கு அதைப்போல 20 மடங்கு வேண்டும். எனவே இருபதில் பத்தொன்பது பிக்சல்களை டிவியே ஊகித்து நிரப்புகிறது. இதற்குத்தான் அப்ஸ்கேலிங் என்று பெயர். நல்ல டிவி நன்றாக ஊகிக்கும். ஆனால் எந்த டிவியும் படத்தில் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. பெரிய 4கே திரையில் பழைய சேனல்கள் முன்பைவிட மோசமாகத் தெரிகின்றன என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குறை பெரிதாக்கப்பட்டுத் தெரிகிறது.

இணையவழிப் படங்களுக்கு மூன்று தடைகள் உண்டு. ஒன்று, சந்தா. நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் 4கே தரம் உயர்ந்த திட்டத்தில்தான் கிடைக்கும். இரண்டு, வேகம். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு நொடிக்கு 15 மெகாபிட் அல்லது அதற்கு மேல் பரிந்துரைக்கிறது. மூன்று, அளவு. ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை செலவாகும். இணையத்துக்கு மாத வரம்பு இருந்தால் முதலில் அதைக் கணக்கிடுங்கள். வேகத்தைச் சோதிக்கும்போது டிவி இருக்கும் இடத்திலேயே, எல்லோரும் இணையம் பயன்படுத்தும் இரவு நேரத்தில் சோதியுங்கள். ரவுட்டரின் பக்கத்தில் நின்று காலையில் எடுத்த எண் எதற்கும் உதவாது.

"4கே" என்ற பெயர்ப்பட்டை மட்டும் தரத்தைச் சொல்லாது. 4கே ப்ளூரே வட்டில் 50 முதல் 100 ஜிபி வரை இடம் உண்டு. அதே படம் இணையத்தில் அதன் சிறு பங்கில் அடக்கப்பட்டு வருகிறது. புகை, மழை, ஓடும் நீர் போன்ற காட்சிகளில் அந்த நெருக்கடி கட்டம் கட்டமாகத் தெரியும். பல திரைப்படங்கள் 2கே தரத்தில் (ஏறக்குறைய ஃபுல் எச்டி அளவு) முடிக்கப்பட்டு, பிறகு 4கே-க்குப் பெரிதாக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. டிவியைக் கணினித் திரையாக அருகில் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு 4கே முதல் நாளிலேயே பலன் தரும். எழுத்துகள் அச்சு போல நிற்கும். புதிய வீடியோ விளையாட்டுக் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. சொந்தப் புகைப்படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் வழக்கம் இருந்தாலும் அது தெரியும். 12 மெகாபிக்சல் படத்தில் 4கே திரையைவிட அதிகப் புள்ளிகள் இருக்கின்றன. ஃபுல் எச்டி திரையில் அதில் ஆறில் ஒரு பங்குதான் தெரிகிறது. குடும்பப் படங்களை முதல்முறை 4கே-யில் அருகில் நின்று பார்த்தபோது, பாட்டியின் சேலைக் கரையில் இருந்த இழைகளை எண்ண முடிந்தது. எனக்கு 4கே மேல் மதிப்பு வந்தது அன்றுதான்.

8கே-க்கு ஊட்டம், அதாவது அந்தத் தரத்தில் வரும் படங்களும் சேனல்களும், மிகக் குறைவு. ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பர் 1 முதல் 8கே ஒளிபரப்பு நடத்துகிறது. அப்படிப்பட்ட சேனலோ வேறு 8கே ஆதாரமோ உங்களிடம் இல்லையென்றால், அந்தத் திரை எப்போதும் ஊகித்துக்கொண்டே இருக்கும்.

5. தெளிவை ஒதுக்கிவிட்டு ஒளியைப் பாருங்கள்

எட்டிப் பார்க்காமல் சோபாவிலிருந்தே தெரியும் வேறுபாடு எது என்று கேட்டால், கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு ஒளிர்கிறது என்பதுதான். பிக்சல் எண்ணிக்கைக்குத் தூரம் தடை. ஒளிக்கு அந்தத் தடை இல்லை.

இருண்ட அறையில் ஒரே ஒரு விளக்கு எரியும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்சிடி திரையில் பின்னால் இருக்கும் விளக்குகள் முழுத் திரைக்கும் எரிவதால், இருட்டு சாம்பல் நிறமாகத் தெரியும். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இருந்தால் இருட்டு ஆழமாகும். பகுதிகள் குறைவாக இருந்தால் சுடரைச் சுற்றி மங்கிய ஒளிவட்டம் படியும். மினி எல்இடி என்பது இந்தப் பகுதிகளைப் பல நூறாக, சிலவற்றில் ஆயிரக்கணக்காகப் பெருக்கும் முறை. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணையும். சுடரின் விளிம்பிலேயே முழு இருட்டு தொடங்கும். கியூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அது நிறத்தைச் செம்மையாக்கும் படலம் கொண்ட எல்சிடிதான்.

ஓஎல்இடிக்கும் குறை உண்டு. ஒரே செய்திச் சேனலைப் பல மணி நேரம், பல மாதம் ஓட விட்டால் அதன் சின்னம் திரையில் நிழலாகப் படிந்துவிடலாம். நான்காம் படியில் எழுதிய பட்டியலில் செய்தியே பாதி என்றால், வெளிச்சம் மிகுந்த அறை என்றால், நல்ல எல்சிடியே உங்களுக்குப் பொருத்தம்.

எச்டிஆர் என்ற சொல்லில் பலர் தடுக்குகிறார்கள். மிக இருண்ட பகுதிக்கும் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் இடையே அதிக வேறுபாட்டைக் காட்டும் பட முறை அது. பெட்டியில் அது அச்சிடப்பட்டிருந்தால், அந்தச் சமிக்ஞையை டிவி ஏற்கும் என்றுதான் பொருள். அதை ஒளிர்வாகக் காட்ட உச்ச வெளிச்சம் வேண்டும். 300 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிற்கும் திரையில் எச்டிஆர் படம் சில நேரம் இருண்டே தெரியும்; 600-ஐத் தாண்டினால்தான் அதன் குணம் புலப்படும். நிறத்துக்கு 10 பிட் திரை வேண்டும்: 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள், 10 பிட்டில் 1024. மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிவது படிநிலைகள் போதாததால்தான்.

பக்கவாட்டில் உட்காருபவர்களுக்காக முதல் படியில் எழுதி வைத்த தூரங்களை இப்போது எடுங்கள். எல்சிடியில் விஏ வகைத் திரை நேராகப் பார்த்தால் ஆழமான கறுப்பு தரும், பக்கத்திலிருந்து வெளிறும். ஐபிஎஸ் வகை பக்கத்திலும் நிறம் காக்கும், கறுப்பு குறையும். எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

6. துளைகளையும் கேபிளையும் சரிபாருங்கள்

செட்டாப் பெட்டி போன்ற கருவிகளை டிவியோடு சேர்க்கும் கேபிள் இணைப்புதான் எச்டிஎம்ஐ. அதன் 1.4 பதிப்பில் 4கே நொடிக்கு 30 படங்கள் வரைதான் போகும். 2.0-இல் 60 வரை. 4கே-யில் 120 வேண்டும் என்றால் 2.1. விளையாட்டுக் கருவி இல்லாதவர்களுக்கு 2.0 போதும். ஒரே டிவியில் எல்லாத் துளைகளும் ஒரே தரத்தில் இருக்காது. எத்தனை துளைகளில் எது உண்டு என்று டிவியின் கையேட்டைப் பாருங்கள்.

திரையின் புதுப்பிப்பு வேகம் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை) என்பதால் திரைப்படத்துக்கும் நன்மை உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. 120-ஐ 24 மீதியின்றி வகுக்கும், 60-ஐ வகுக்காது. கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் ஏற்படும் தடங்கல் இதனால் குறைகிறது.

7. வீட்டிலேயே முடிவெடுங்கள்

கண்ணின் தூரம் நான்கால் பெருக்கிய எண்ணுக்குள் இருக்கிறது, பார்ப்பதில் கணிசமான பங்கு உண்மையான 4கே-யாக வருகிறது என்றால் வாங்கலாம். தூரம் அதிகம், ஆனால் படம் வெளிறியிருக்கிறது என்றால், ஒளியும் கறுப்பும் சிறந்த ஒன்றை வாங்குங்கள். 4கே உடன் வரட்டும். ஒரே தொகையில் பெரிய சாதாரண 4கே, சற்றுச் சிறிய நல்ல எச்டிஆர் திரை என்று இரண்டும் கிடைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். தூரமும் பொருந்தவில்லை, 4கே ஊட்டமும் இல்லை, இருக்கும் டிவியும் நலம் என்றால் காத்திருங்கள்.

8. கடையில் உங்கள் படத்தைப் போடச் சொல்லுங்கள்

கடையில் ஓடும் காட்சிப் படம் எல்லா டிவியிலும் அழகாகத் தெரியும்படி எடுக்கப்பட்டது. நீங்கள் நன்கு அறிந்த ஒரு காட்சி, ஒரு இருண்ட காட்சி, ஒரு முகம், சாதாரணத் தரத்தில் ஒரு பழைய பாடல் ஆகியவற்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படமுறையை 'விவிட்' நிலையிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு நாடாவை எடுத்து, உங்கள் வீட்டுத் தூரத்தை அளந்து, அங்கே நின்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். கைநீட்டும் தூரத்தில் நின்று தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் கண்ட பிழை. அங்கே எல்லா 4கே-யும் வெல்லும்.

9. முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியையும் தெர்மகோலையும் எறியாதீர்கள். முதலில் முழுச் சாம்பல், முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களைப் போட்டு, கறைகளும் செத்த பிக்சல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு அமைப்புகள். ஓவர்ஸ்கேன் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது படத்தின் ஓரங்களை வெட்டி, மீதியை இழுத்துப் பெரிதாக்குகிறது. பிக்சலுக்குப் பிக்சல் பொருத்தம் அங்கேயே போய்விடும். கூர்மையைப் பூஜ்யத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். அது விவரத்தைக் கூட்டுவதில்லை, விளிம்பில் வெள்ளைக் கோடு போடுகிறது. அசைவை மென்மையாக்கும் வசதியைத் திரைப்படத்துக்கு நிறுத்துங்கள்.

எச்டிஎம்ஐ துளைகள் பல டிவிகளில் குறைந்த நிலையில் வைக்கப்பட்டு வருகின்றன. அமைப்புகளில் அந்தத் துளைக்கு உரிய 'மேம்பட்ட' நிலையை நீங்களே இயக்க வேண்டும். செட்டாப் பெட்டியின் வெளியீடு பழைய, குறைந்த 720 தரத்திலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, 4கே என்று குறிக்கப்பட்ட ஒரு படத்தை இரவில் ஓட விட்டு, டிவியின் தகவல் பொத்தானை அழுத்துங்கள். அங்கே 3840 × 2160 என்றும், எச்டிஆர் என்றும் வருகிறதா? 1920 என்று வந்தால் சந்தாவையும், இணைய வேகத்தையும், கேபிளையும் இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் 4கே வரவில்லையென்றால், கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் போய்விடுங்கள்.